மெயினை இறக்கினால் வீடு முழுக்க அணைகிறதா? மெயின் ஸ்விட்ச்சும் சப் டிபியும் போடும் முறை

டிவி, கம்ப்யூட்டர், ஏசி எல்லாவற்றையும் முறையாக நிறுத்திவிட்டு, அறைக்கு ஒரு லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடவிட்டு, போய் வீட்டு மெயினை இறக்கிப் பாருங்கள். நிறையப் பேருக்கு மெயின் எங்கே இருக்கிறது என்று தேடவே நேரமாகும். தேடிப் பிடித்து இறக்கினால் ஹாலில் ஒரு டியூப் லைட் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருக்கும், அது இன்வெர்ட்டர் லைன். மாடி ரூம் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், அது எந்தக் காலத்திலோ அடுத்த போர்ஷன் மீட்டரிலிருந்து இழுத்த வயர், இழுத்தவரும் இப்போது இல்லை. கன்னங்குறிச்சியில் இருந்துகொண்டு சேலம் டவுனிலும் ஏற்காட்டிலும் இருபது வருடத்துக்கு மேலாக வயரிங் வேலை செய்கிறேன். முதல் தடவையே மொத்தமாக அணைந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மெயினுக்கு வேலை ஒன்றுதான். யாருக்காவது ஷாக் அடித்தாலோ, போர்டிலிருந்து புகை வந்தாலோ, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறினாலோ, ஓர் ஆள் ஓர் இடத்தில் நின்று ஒரு கையால் இறக்கினதும் மொத்தக் கரண்டும் போய்விட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான். படித்துவிட்டு நீங்களே ஸ்க்ரூ டிரைவரோடு டிபியை, அதாவது வீட்டு லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, திறக்க வேண்டாம், லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் கை வைக்க வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது, அவர் செய்து முடித்தபின் எதைப் பார்ப்பது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் வேலை தானாகவே ஒழுங்காக நடக்கும், இது என் தொழிலில் நான் பார்த்தது.

முதலில் கரண்ட் வரும் வழி. கம்பத்திலிருந்து சர்வீஸ் வயர், அப்புறம் ஈபி கட்-அவுட், அப்புறம் மீட்டர், அதற்கு அப்புறம்தான் உங்கள் மெயின். மீட்டர் வரைக்கும் ஈபி சொத்து, சீலை உடைக்கவோ கட்-அவுட் ஃப்யூஸைப் பிடுங்கவோ நமக்கு உரிமை இல்லை. அங்கே ஏதாவது கருகினாலோ பொரிந்தாலோ ஈபி புகார் மையமான மின்னகத்துக்கு, அதாவது 94987 94987-க்கு, போன் போட்டுச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மீட்டரிலிருந்து வெளியே வரும் இரண்டு வயரிலிருந்து பொறுப்பு நம்முடையது. மீட்டருக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் மெயின் இருக்க வேண்டும் என்பது விதி. காரணம் எளிது: மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் ஓடும் வயரை உங்களால் அணைக்கவே முடியாது. அது நீளமாகச் சுவருக்குள் ஓடினால், என்றைக்காவது ஒருநாள் யாராவது அதே இடத்தில் ஆணி அடிப்பார்கள்.

எது மெயின், எது மெயின் இல்லை

பழைய வீடுகளில், செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கம் இன்னும் நிறைய இருக்கிறது, பக்கவாட்டில் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டிதான் மெயின். ஐசிடிபி என்று சொல்வோம். உள்ளே பீங்கான் ஃப்யூஸ் கேரியர். அந்தக் காலத்தில் சிலர் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு ஃப்யூஸ் போட்டுவிட்டார்கள், அங்கேதான் வம்பு. நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் போனால் வீடு இருட்டாகிவிடும், வீட்டுக்காரர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஸ்டூல் போட்டு ஏறி ஹோல்டரில் கை வைப்பார், அங்கே 230 வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். நியூட்ரலில் தனியாக ஃப்யூஸும் கூடாது, தனி ஸ்விட்ச்சும் கூடாது. அறுபட்டால் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே அறுபட வேண்டும். உங்கள் பெட்டியில் நியூட்ரல் பக்கம் ஃப்யூஸ் கம்பி தெரிந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

இன்றைக்குப் போடுவது டபுள் போல், அதாவது ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே அறுக்கும், எம்சிபி, இல்லையென்றால் டபுள் போல் ஐசோலேட்டர். (கடையில் போய் வெறுமனே "டிபி" என்று கேட்டால் பையன் முழிப்பான், ஏனென்றால் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸும் டிபி, டபுள் போலும் டிபி. நான் பெட்டி என்றும் டபுள் போல் என்றும் பிரித்தே கேட்பேன்.) இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஐசோலேட்டர் கையால் இறக்கினால்தான் இறங்கும், ஷார்ட் ஆனாலும் லோடு ஏறினாலும் அது பாட்டுக்கு நிற்கும். எம்சிபி தானாகவும் விழும். மீட்டருக்குப் பக்கத்திலேயே எம்சிபி இருந்து, உள்ளே டிபி பெட்டியில் ஐசோலேட்டர் போட்டால் சரி. வெறும் ஐசோலேட்டரை மட்டும் முதல் காவலாக வைத்தால் அதற்குப் பின்னால் வரும் மெயின் வயரைக் காப்பாற்ற ஆள் இல்லை.

காசு மிச்சம் என்று சிங்கிள் போல் எம்சிபியை மெயினாகப் போட்டு நியூட்ரலை நேராக விட்டுவிடும் வீடுகள் உண்டு. அதில் என்ன தப்பு என்று பல வருடம் எனக்கே முழுசாகப் புரியவில்லை, ஒரு வீட்டில்தான் புரிந்தது. காற்று மழை அடித்து, கம்பத்தில் வேலை நடந்து முடிந்த மறுநாள், ஸ்விட்ச் போர்டு மாற்றக் கூப்பிட்டிருந்தார்கள். மெயினை இறக்கினேன், லைட் அணைந்தது, போர்டைக் கழற்றிப் பழக்கதோஷத்தில் டெஸ்ட்டரை வைத்தால் எல்லா வயரிலும் எரிகிறது. கம்பத்தில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. நான் இறக்கிய சிங்கிள் போல் நியூட்ரலை மட்டும் அறுத்திருக்கிறது, ஃபேஸ் வீடு முழுக்க ஓடுகிறது. அந்த டெஸ்ட்டரை வைக்காமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. அன்றிலிருந்து டபுள் போல் இல்லாத மெயினை நான் மெயின் என்றே சொல்வதில்லை.

மூன்றாவது ஆள் ஆர்சிசிபி. ஊரில் இன்னும் ஈஎல்சிபி என்றுதான் பெயர், போகட்டும். போன கரண்ட் திரும்பி வருகிறதா என்று ஃபேஸையும் நியூட்ரலையும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும், எர்த் வழியாகவோ ஆள் உடம்பு வழியாகவோ கொஞ்சம் குறைந்தால் கண் இமைப்பதற்குள் அறுத்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர், அதற்கு மேல் கூடாது. மத்திய மின்சார ஆணையத்தின் (சிஇஏ) பாதுகாப்பு விதிமுறைகளிலேயே இது இருக்கிறது, 2023-ல் அவற்றைப் புதுப்பித்தார்கள். ஆனால் ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு, ஷார்ட் எதுவும் தெரியாது, அதனால் முன்னால் எம்சிபி இருந்தே ஆக வேண்டும். 32 ஆம்பியர் எம்சிபி என்றால் பின்னால் 40 ஆம்பியர் ஆர்சிசிபி போடுவேன். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் பிடித்தால் ஆர்சிசிபி காப்பாற்றாது, அதற்கு அது லோடு மாதிரிதான் தெரியும். இதை யாரும் கடையில் சொல்வதில்லை.

ஏற்காட்டில் ஆர்சிசிபி ஏன் உயிர் என்பதற்கு ஒரு கணக்கு. மலையில் கொஞ்சம் தோண்டினால் பாறை, எர்த் பிட் ஆழமாகப் போகாது, கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்பதெல்லாம் சகஜம். கெய்சர் உள்ளே ஃபேஸ் பாடியில் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு, விழவே விழாது, கெய்சர் பாடியும் குழாயும் கரண்டோடு அப்படியே இருக்கும். ஆர்சிசிபிக்கு 30 மில்லி ஆம்பியர் போதும், உடனே விழும். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்து (ஜம்பர் அடித்து) ஓட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். விழுகிறது என்றால் எங்கேயோ ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், பெரும்பாலும் தோட்டத்து லைட்டோ கெய்சர் காயிலோதான்.

எத்தனை ஆம்பியர்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 5 கிலோவாட் லோடு என்றால் 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர், 32 ஆம்பியர் டபுள் போல் போதும். ஏசி ஒன்றரை, கெய்சர் 2, இண்டக்‌ஷன் அடுப்பு 2 கிலோவாட் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் வீடு என்றால் மூன்று ஃபேஸ் வாங்குவதே நல்லது. முக்கியம் என்னவென்றால் எம்சிபி வயருக்குக் காவல், லோடுக்கு இல்லை. அடிக்கடி விழுகிறது என்று 32-ஐக் கழற்றிவிட்டு 63 போட்டால் இனி எம்சிபி விழாது, வயர்தான் உருகும். மெயினுக்கு 6 சதுர மி.மீ. காப்பர் ஓடுகிற இடத்தில் 32-க்கு மேல் போடாதீர்கள், 40 வேண்டும் என்றால் வயரும் 10 ஆகட்டும். ஐஎஸ்ஐ முத்திரையும், கட்டத்துக்குள் 10000 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், ஷார்ட் ஆகும்போது அந்த அளவு ஆம்பியர் வரை வெடிக்காமல் அறுக்கும் என்பதற்கான எண் அது. டவுனில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே வீடு என்றால் இது ரொம்ப அவசியம்.

எங்கே வைப்பது

மெயினை மறைப்பதில் நம் ஆட்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இருந்தது, நாலு பேர் பிடித்தால்தான் பீரோ நகரும். இன்னொரு வீட்டில் பெட்டி மேலேயே சாமி காலண்டர், அதற்கு மேல் மாவிலைத் தோரணம், அதற்குப் பின்னால் பல்லி முட்டை. டிபி பெட்டி தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அடுப்புக்கு மேலேயோ சிங்குக்கு மேலேயோ வைக்கக் கூடாது, பாத்ரூமிலும் சமையலறையிலும் கூடாது, இவையெல்லாம் ஐஎஸ் 732 வகையறா வயரிங் விதிகளில் ரொம்ப நாளாகவே உள்ளவை. மூன்று ஃபேஸ் என்றால் போர்டுக்கு முன்னால் 1 மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கும் அதே இடத்தை விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், செருப்பு ஸ்டாண்டு அங்கே வேண்டாம்.

வாடகை வீடுகளில் வேறொரு கொடுமை. மாடிக்குக் குடி வந்தவரின் மீட்டரும் மெயினும் கீழே வீட்டு ஓனரின் பூட்டிய ரூமுக்குள் இருக்கும். ஓனர் ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் மேலே போர்டில் புகை வந்தால் என்ன செய்வது? அட்வான்ஸ் கொடுக்கும்முன் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்க்கிறோம் இல்லையா, அதேபோல மெயின் எங்கே, சாவி யாரிடம் என்று கேளுங்கள். கீழே இருப்பதை நகர்த்த முடியாது என்றால் மாடி வாசலுக்குள் நுழைந்தவுடன் ஒரு டபுள் போல் போட்டுத்தரச் சொல்லுங்கள், பெரிய செலவு இல்லை. நாலு மீட்டர் வரிசையாக இருக்கும் வீட்டில் எது எந்த வீட்டுக்கு என்று பெயின்ட் மார்க்கரில் எழுதி வைக்க வேண்டும், சாக்பீஸ் எழுத்து ஆடி மாதக் காற்றுக்கே நிற்காது.

சப் டிபி

மாடிக்கு ஒரு டிபி, பின்னால் தறி ஷெட்டுக்கு ஒன்று, வெள்ளிக் கொலுசு பட்டறைக்கு ஒன்று என்று சேலத்தில் ஒரு மீட்டருக்குப் பின்னால் இரண்டு மூன்று பெட்டிகள் இருப்பது சாதாரணம். (தறிக்கும் பட்டறைக்கும் வீட்டுக் கனெக்‌ஷனில் ஓட்டலாமா என்பது வேறு விஷயம், டாரிஃப் வேறு, மாட்டினால் அபராதம் உண்டு.) சப் டிபிக்குப் போகும் வயருக்குத் தலைமாட்டில், அதாவது மெயின் டிபியில், அந்த வயரின் கனத்துக்குத் தகுந்த எம்சிபி கட்டாயம் வேண்டும். கால்மாட்டில், அதாவது சப் டிபிக்குள், ஒரு டபுள் போல் ஐசோலேட்டர். ஒரே வீட்டுக்குள் மாடிக்குப் போவதென்றால் கால்மாட்டில் இல்லாமலும் சிலர் ஓட்டுகிறார்கள், மாடியில் ரிப்பேர் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கீழே ஓடி வந்து அணைக்க வேண்டியிருக்கும். தனிக் கட்டடம் என்றால் பேச்சே இல்லை, அந்தக் கட்டடத்தை அந்த இடத்திலேயே அணைக்க முடிய வேண்டும்.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு வந்து பேசுபவர்கள் இப்போது அதிகம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் தனிக் கட்டடத்துக்குத் தனி டிஸ்கனெக்ட் கேட்கிறார்கள், ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் சப் பேனலுக்குக் கட்டாயம் இல்லை. ஒரு வீட்டை மொத்தமாக அணைக்க ஆறு ஸ்விட்ச் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பழைய விதி ஒன்று உண்டு, அவர்களுடைய என்இசி என்ற வயரிங் விதிப் புத்தகத்தின் 2020 பதிப்பிலிருந்து தீயணைப்பு ஆட்கள் அணைக்க வசதியாக வீட்டுக்கு வெளியே ஓர் எமர்ஜென்சி ஸ்விட்ச்சும் கேட்கிறார்கள், இது நல்ல யோசனை. ஆனால் மெயின் பேனலில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டுவார்கள் பாருங்கள், அதை மட்டும் இங்கே யாரும் செய்துவிடாதீர்கள். நமக்கு நியூட்ரலை எர்த் செய்வது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், ஈபி வேலை. நம் வீட்டில் அதை எர்த்தோடு கட்டிவிட்டு, கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் பாடியிலும் கரண்ட் ஏறி நிற்கும்.

போன வருடம் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் செய்த வேலையைச் சொன்னால் சப் டிபி முழுசாகப் புரியும். பங்களாவிலிருந்து பல்பர் (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின்) ஷெட் 60 மீட்டர் தள்ளி, நடுவில் சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடி. பழைய வயர் மரத்துக்கு மரம் கட்டித் தொங்கியது. ஷெட்டில் ஒரு பெட்டி, அதில் மெயினே இல்லை, பங்களாவில் அணைத்தால்தான் ஷெட் அணையும். பெட்டியைத் திறந்தால் பனி ஏறி டெர்மினல் எல்லாம் பாசி மாதிரிப் பச்சை, ஒரு மூலையில் எறும்புக் கூடு. பெயர் எழுதின ஸ்டிக்கர் எல்லாம் ஊறி உதிர்ந்துவிட்டது.

முதலில் வயர் கணக்கு. சிங்கிள் ஃபேஸில் 16 ஆம்பியர் எடுக்கும் ஷெட்டுக்கு 60 மீட்டரில் 2.5 சதுர மி.மீ. காப்பர் போட்டால் வழியிலேயே 14 வோல்ட் போய்விடும், மோட்டார் முக்கி முனகும். 4 போட்டால் 9 வோல்ட்டுக்குள் நிற்கும், அது 5 சதவீதத்துக்குக் கீழே, போதும். ஆர்மர்டு (இரும்புக் கவசம் உள்ள) கேபிள், முக்கால் மீட்டர் ஆழக் குழி, கீழேயும் மேலேயும் மணல், அதற்கு மேல் செங்கல் வரிசை. செங்கல் எதற்கென்றால் பின்னால் யாராவது மண்வெட்டி போட்டால் முதலில் செங்கல் கொத்துப்படட்டும் என்றுதான். பங்களா டிபியில் இதற்கென 25 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி. ஷெட்டில் தண்ணீர் புகாத ஐபி65 பெட்டி, வயர் எல்லாம் அடிப்பக்கத்திலிருந்து கிளாண்டு போட்டு உள்ளே போகும்படி, மேலிருந்து ஓட்டை போட்டால் மழை வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். உள்ளே ஐசோலேட்டர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, லைட்டுக்கு ஒன்று மோட்டாருக்கு ஒன்று என எம்சிபி. ஷெட்டுக்குத் தனி எர்த் பிட்.

ஆர்சிசிபி விஷயத்தில் பங்களாவிலும் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. மெயினிலும் 30, ஷெட்டிலும் 30 என்று வரிசையாக இரண்டு இருந்தால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது, ஷெட்டில் ஈரம் என்றால் பங்களாவே இருட்டாகும். அதனால் மெயின் எம்சிபிக்கு அப்புறம் லைனைப் பிரித்து, பங்களாவுக்கு ஓர் ஆர்சிசிபி, ஷெட் லைன் அதைத் தொடாமல் நேராகப் போய் அங்கே உள்ள ஆர்சிசிபியில் விழும்படி வைத்தேன். இப்படிப் பிரித்தால் நியூட்ரல் கட்டையும் (நியூட்ரல் வயர்களைச் சேர்த்து முடுக்கும் பித்தளைக் கட்டை) தனித்தனியாக இருக்க வேண்டும். ஓர் ஆர்சிசிபியின் நியூட்ரலை இன்னொன்றின் கட்டையில் கட்டிவிட்டால் லைட் போட்டதும் இரண்டும் டப் டப்பென்று விழும், வயர்மேன் ஆர்சிசிபி பீஸ் சரியில்லை என்று கடைக்குத் திருப்பி அனுப்புவார். பீஸ் நன்றாகத்தான் இருக்கும்.

இன்வெர்ட்டர், சோலார், ஜெனரேட்டர்

மெயினை இறக்கினால் இன்வெர்ட்டருக்கு என்ன தெரியும்? கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை எடுத்து வீட்டுக்குள் விடும். அது தன் வேலையைத்தான் செய்கிறது. ஆக மெயினுக்குப் பக்கத்திலேயே இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கும் ஒரு டபுள் போல் இருக்க வேண்டும், அதன்மேல் சிவப்பில் "இன்வெர்ட்டர், இதையும் இறக்கு" என்று எழுதியிருக்க வேண்டும். இன்வெர்ட்டர் மாடிப்படிக்குக் கீழே, மெயின் வாசலில் என்று இருந்தால், அவுட்புட் வயரை மெயின் பக்கம் கொண்டுவந்து திரும்ப விடச் சொல்லுங்கள், கூட ஓரிரு மீட்டர் வயர்தான். இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலையும் தனியாக ஓட்ட வேண்டும், வீட்டுப் பொது நியூட்ரலில் சேர்த்தால் முன்னே சொன்ன அதே டப் டப் கதைதான்.

மொட்டை மாடி சோலாருக்கு, பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024-ல் வந்தபிறகு நிறையப் பேர் போடுகிறார்கள், ஏசி பக்கம் ஒரு ஐசோலேட்டர், டிசி பக்கம் ஒரு ஐசோலேட்டர் தருவார்கள். கிரிட்டோடு சேர்ந்த இன்வெர்ட்டர் ஈபி கரண்ட் போனால் தானே நின்றுவிடும். ஆனால் வெயில் அடிக்கும்வரை பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை டிசி வயரில் வோல்ட்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும், மெயினை இறக்கிவிட்டோம் என்று அந்த வயரைத் தொடக் கூடாது. ஜெனரேட்டர் என்றால் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வழியாக மட்டும்தான், சிங்கிள் ஃபேஸுக்கு இரண்டு போல், மூன்று ஃபேஸுக்கு நாலு போல், நடுவில் ஆஃப் நிலை இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரை சாக்கெட்டில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் வித்தையை யாராவது செய்தால் தயவுசெய்து தடுங்கள். அது மீட்டர் வழியாகத் திரும்பிப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் உயர்ந்து, கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

மூன்று ஃபேஸ் வீடுகளில் இன்னொன்று. நியூட்ரல் எங்கேயாவது லூசாகி விட்டுப்போனால் லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில் வோல்ட்டேஜ் 230-லிருந்து 400-ஐ நோக்கி ஏறும், டிவியும் ஃபிரிட்ஜும் சேர்ந்து போகும். நாலு போல் ஐசோலேட்டரில் நியூட்ரல் முதலில் ஒட்டி கடைசியில் பிரியும்படி அமைத்திருப்பது அதற்குத்தான், எம்சிபிக்கள் மூன்றைத் தனித்தனியாக வாங்கி நடுவில் ஆணியைக் கோத்து மெயின் என்று காட்டினால் அதில் இதெல்லாம் கிடையாது. ஃபேஸ் சேஞ்சரைத் திருப்பி எல்லா லோடையும் ஒரே ஃபேஸில் வைக்கும்போது, நியூட்ரலில் மொத்தக் கரண்டும் ஒன்றாக ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள், அந்த நேரத்தில் கெய்சர் வேண்டாம்.

இறக்குவது, ஏற்றுவது

சாதாரண நேரத்தில் முதலில் ஏசி, மோட்டார், கெய்சர், அப்புறம் சின்ன எம்சிபிக்கள், கடைசியில் மெயின். ஏற்றும்போது தலைகீழ். ஆபத்து நேரத்தில் வரிசை எல்லாம் பார்க்காமல் நேராக மெயின், அடுத்த நொடி இன்வெர்ட்டர். ரிப்பேருக்காக இறக்குவதென்றால், இறக்கும்முன் டெஸ்ட்டரைக் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, இறக்கினபின் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். எரியாத டெஸ்ட்டரை நம்பிப் போனவர்கள் உண்டு. பழைய ஆட்கள் ஃப்யூஸ் கேரியரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார்கள், வீட்டில் யாரும் தெரியாமல் மெயினைப் போட்டுவிட முடியாது. எம்சிபியைப் பாக்கெட்டில் போட முடியாது என்பதால் இப்போது அதற்கென்றே குட்டிப் பூட்டு வந்திருக்கிறது, அதுவும் இல்லையென்றால் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒருவரை அங்கேயே உட்காரவையுங்கள். ஆர்சிசிபியில் "டி" என்று எழுதிய பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக். புது டிபி போட்ட ஒரு மாதத்தில் வயர்மேனைக் கூப்பிட்டு எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவை இறுக்கச் சொல்லுங்கள், காப்பர் கொஞ்சம் அழுந்தி லூசு விடும், டிபி கருகுவதில் முக்கால்வாசி அந்த லூசால்தான்.

அந்த ஏற்காட்டு ஷெட்டில் வேலை முடிந்து, பல்பரில் நிற்கும் அக்காவைக் கூப்பிட்டு, லைட்டை அணைத்துவிட்டு, இருட்டில் தடவியே மெயினை இறக்கச் சொன்னேன். உடனே கண்டுபிடித்து இறக்கிவிட்டார். நான் டூல் பையைக் கட்டப் போனேன். "எனக்கு எட்டுதுண்ணா, எங்க அத்தையும் ராத்திரி இங்கதான் நிப்பாங்க, அவங்களுக்கு எட்டாதே" என்றார். பெட்டியைக் கழற்றி, ஓர் அடி கீழே புதிதாகத் துளை போட்டு மாட்டினேன். பழைய நாலு துளையையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுக் கிளம்பும்போது, அத்தை வந்து ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.